பின்பக்கம் தாழாத பிக்கப்: கேம்பர் ஏற்றி ஓட்டிய அனுபவம்

முன்சக்கர பிரேக் டிஸ்க், பேட் இரண்டையும் மறுபடி மாற்றியாயிற்று. அந்த பில் மேசையில் கிடக்கும்போதே செந்தூலிலிருந்து நண்பன் அழைக்கிறான். "மச்சான், தங்கிப் படுக்குற பழைய கேம்பர் பெட்டி ஒன்னு விலை இறங்கி வந்திருக்கு. என் டபுள் கேப் தாங்குமா? பின் ஸ்பிரிங்குக்குத் துணையா ஏர் பேக் போட்டா போதும்னு சொல்றாங்க." அந்தக் கடைசி வாக்கியம் மட்டும் இல்லாதிருந்தால் போனிலேயே இரண்டு வார்த்தையில் முடித்திருப்பேன்.

என் வண்டி என்ன பிராண்டு என்று சொல்லப் போவதில்லை. சொன்னால் ஹைலக்ஸ் கட்சி, டி-மேக்ஸ் கட்சி, ட்ரைடன் கட்சி என்று பிரிந்து பேச்சு வேறு பக்கம் போய்விடும். நாலு கதவு, டீசல், பின்னால் பட்டை ஸ்பிரிங், முன்னால் டிஸ்க் பிரேக், பின்னால் டிரம் பிரேக். கொஞ்சம் பழைய மாடல். அது பிறகு முக்கியமாக வரும். கேம்பர், பின் தொட்டியில் ஏற்றி இறக்கும் பெட்டி வகை. இழுத்துச் செல்வது அல்ல.

"ஒரு டன் பிக்கப்" என்று எல்லாரும் சொல்கிறோம். அது ரகத்துக்கு வைத்த பெயர், உங்கள் வண்டிக்குக் கொடுத்த வாக்கு இல்லை. மொத்த அனுமதி எடையிலிருந்து காலி வண்டியின் எடையைக் கழியுங்கள், மிஞ்சுவதுதான் சுமை. என் வண்டிக்கு 2,910 கிலோவில் 2,050 போக 860. அதற்குள்தான் நாங்கள் நாலு பேரும், முன்பக்கக் காப்புக் கம்பியான புல் பாரும், தொட்டி லைனரும், கருவிப் பெட்டியும் அடங்க வேண்டும். மிச்சம் அறுநூறை ஒட்டி வரும்.

என் கேம்பரை விற்றவர் சொன்ன எடை 480 கிலோ. பொய் இல்லை. ஆனால் அது வெறும் பெட்டியின் எடை. தண்ணீர்த் தொட்டி 80 லிட்டர் என்றால் அதுவே 80 கிலோ. வீட்டில் இருக்கும் 14 கிலோ கேஸ் தோம்பு, இரும்போடு சேர்த்தால் ஏறக்குறைய இரண்டு மடங்கு. பழைய ரக 100 ஆம்பியர் பேட்டரி ஒன்று 30 கிலோ வரும். ஏர்கான், பந்தல், மெத்தை, குளிர்பெட்டி, அப்புறம் வீட்டம்மா விட்டு வர மறுக்கும் இரும்பு தோசைக்கல். பினாங்கு பிறையில் ஒரு பழைய இரும்புக் கடையின் எடைமேடையில் ஏற்றிப் பார்த்தபோது வண்டியோடு மொத்தம் 3,180 கிலோ. பின் அச்சு மட்டும் 1,960. அந்த அச்சுக்குத் தயாரிப்பாளர் வைத்த எல்லை 1,700ஐ ஒட்டியது. எடைமேடைக் கட்டணம் ஒரு சாப்பாட்டுக் காசுகூட வராது. கேம்பர் வாங்குகிற எத்தனை பேர் அங்கே போகிறார்கள் என்று தெரிந்துகொள்ள ஆசை.

இனி ஏர் பேக். கேம்பர் ஏற்றியதும் பின்பக்கம் தாழ்கிறது, முன்விளக்கு எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்கிறது. யாரிடம் கேட்டாலும் மருந்து ஒன்றுதான்: அச்சுக்கும் வண்டியின் அடிச்சட்டமான சேஸிக்கும் நடுவே இரண்டு காற்றுப் பைகள், காற்று அடித்தால் வண்டி நிமிர்ந்துவிடும். எனக்கும் பொருத்திக் கொடுத்தார்கள். நிமிர்ந்தது. பார்க்க அழகாகவும் இருந்தது. ஆனால் அச்சின் பலம் ஒரு கிலோகூட ஏறவில்லை. பேரிங், டயர், பிரேக், சேஸி எல்லாம் பழையபடியே. அந்தப் பைகளைத் தயாரிப்பவர்களே வண்டியின் எடை எல்லையைத் தாண்டாதீர்கள் என்றுதான் அச்சடித்துக் கொடுக்கிறார்கள். பொருத்துகிறவர்கள் அதைப் படித்துக் காட்டுவதில்லை.

சேஸி விஷயம் இன்னும் மோசம். பட்டை ஸ்பிரிங் மட்டும் இருந்தால் பாரம் அதன் முன்முனை, பின்முனை இரண்டின் வழியாகவும் சேஸியில் இறங்கும். பையில் காற்றை ஏற்ற ஏற்ற, அந்தப் பாரம் நடுவில் ஒரே புள்ளியில் குவிகிறது. அந்தப் புள்ளிக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் கேம்பர் கீழே இழுக்கும், ஒவ்வொரு பள்ளத்திலும் இன்னும் வேகமாக இழுக்கும். டபுள் கேப் வண்டிகள் கேபினுக்குப் பின்னால் சேஸி வளைந்து வாழைப்பழம் போல நிற்கும் படங்கள் ஆஸ்திரேலியாவிலிருந்து நிறைய வந்திருக்கின்றன. அவற்றில் பலவற்றின் கதை இதுதான்.

என் பில்லுக்குக் காரணம் அதுவும் இல்லை. என் மாடலில் பின் அச்சிலிருந்து சேஸிக்கு ஒரு மெல்லிய கம்பி போகிறது. அதன் முனையில் சுமையை உணரும் பிரேக் வால்வு. பாரம் ஏறி வண்டி தாழ்ந்தால், கம்பி வால்வைத் திறந்து பின் டிரம்முக்கு அதிக அழுத்தம் விடும். வண்டி காலியாக உயர்ந்து நின்றால் அழுத்தத்தைக் குறைக்கும். பாரமில்லாத பின்சக்கரம் பூட்டிக்கொண்டால் வண்டி சுழன்றுவிடும் என்பதற்காகச் செய்த நல்ல ஏற்பாடு. இப்போது ஏர் பேக் வண்டியை நிமிர்த்தி வைத்திருக்கிறது. வண்டி மொத்தம் மூன்று டன்னுக்கு மேல், ஆனால் அந்த வால்வு வண்டி காலி என்று நினைக்கிறது. பின் பிரேக் சும்மா இருக்க, முன் பிரேக்தான் முழு வண்டியையும் நிறுத்தியது.

தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்குப் போகும் பழைய சாலையில் இறங்கும்போது பெடல் இறுகி, வாடை வரும். லாத்தா இஸ்கந்தர் அருவிப் பக்கம் நிறுத்தி ஆறவிட்டுத்தான் கிளம்புவோம். கியரைக் குறைத்து இறங்கினாலும் அதே கதை. பேட் தரமில்லை என்றார்கள், டிஸ்க் தரமில்லை என்றார்கள், என் கால் பழக்கம் சரியில்லை என்றுகூட ஒருவர் சொன்னார். கடைசியில் வயதான போர்மேன் அண்ணன் ஒருவர் வண்டிக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "தம்பி, பையை வச்சவன் இந்தக் கம்பிய தொடவே இல்லையே?" என்றார். கம்பியின் பிராக்கெட்டைப் புதிய உயரத்துக்கு ஏற்றபடி சரிசெய்ய வேண்டும், அவ்வளவுதான் வேலை. பை பொருத்திய பட்டறை இதைச் சொல்லவும் இல்லை, செய்யவும் இல்லை. புதிய மாடல்கள் பலவற்றில் கம்பி கிடையாது, பிரேக்கைக் கவனிக்கும் ஏபிஎஸ் கணினியே அழுத்தத்தைப் பிரித்துக் கொடுக்கிறது. இருந்தாலும் உன் வண்டி எந்த வகை என்று குனிந்து பார்த்துவிடு மச்சான்.

எடை எவ்வளவு என்பதோடு எங்கே என்பதும் கணக்கில் வரும். டபுள் கேப்பின் தொட்டி ஒன்றரை மீட்டர்தான், கேம்பரோ அதைத் தாண்டி வெளியே நிற்கும். பின் அச்சுக்கு ஒன்றரை மீட்டர் பின்னால் 100 கிலோ வைத்தால், அச்சில் ஏறுவது 100 அல்ல, 150ஐ நெருங்கும். மிச்ச ஐம்பது முன்சக்கரத்திலிருந்து கழிந்து வருவது. ஸ்டீயரிங் லேசாகிவிடும். இரண்டாவது பினாங்குப் பாலத்தில், 24 கிலோமீட்டரில் பெரும்பகுதி கடலுக்கு மேல், பக்கக் காற்று அடிக்கும்போது அந்த லேசு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். சிங்கிள் கேப் என்றால் தொட்டி நீளம், வண்டியும் இலகு, பாரம் அச்சுக்கு முன்னாலேயே உட்காரும். நாலு பேர் போகத்தான் முடியாது.

டயரில் சுமை எண் 112 என்று போட்டிருந்தால் ஒன்றுக்கு 1,120 கிலோ, காற்று சரியாக இருந்தால் மட்டும். கட்டும் கொக்கிகள் தொட்டித் தகட்டில் இருந்தால் தகடு கிழியும். சேஸியில் பிராக்கெட் அடித்துக் கட்டுங்கள், அடியில் ரப்பர் பாய் போடுங்கள். மாற்றம் எதுவானாலும் சாலைப் போக்குவரத்து இலாகாவான ஜேபிஜேயின் விதியைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். விபத்து என்று வந்தால் காப்புறுதிக்காரர் முதலில் கேட்பது அதைத்தான்.

இப்போது என் வண்டி எப்படி? கனமான ஸ்பிரிங் பட்டைகள் மாற்றினேன். தண்ணீர் போகிற இடத்தில் நிரப்பிக்கொள்கிறோம். பேட்டரி லித்தியம், அதுவும் கேபின் சுவரை ஒட்டி. ஏர்கானையும் பந்தலையும் கழற்றிவிட்டேன். இந்த முறை வீட்டிலிருந்து மூன்று பேர்தான், மகன் பைக்கில் வருகிறான். ஏர் பேக்கில் குறைந்தபட்சக் காற்று, இடது வலது சமன் செய்ய மட்டும். எடைமேடை 2,900க்குக் கீழே காட்டுகிறது, பின் அச்சும் எல்லைக்குள் வந்துவிட்டது. தெலுக் பஹாங்கிலிருந்து பாலிக் புலாவ் போகும் வளைவுகளில் வண்டி பிடித்த பிடியில் நிற்கிறது. வார நாளில் நாலு ஜாக்கியை இறக்கிப் பெட்டியை வீட்டு முன்னால் நிறுத்திவிட்டு வேலைக்குப் போகலாம். வண்டியோடு சேர்த்தே கட்டிய வீடுகளில் இந்த வசதி கிடையாது. நியாயமாகச் சொன்னால் பெட்டி அருமை, வண்டியும் அருமை.

அப்படியானால் வாங்கலாமா? வாங்காதே. நாலு பேர் குடும்பம், டபுள் கேப், இந்தக் கனத்துப் பெட்டி, இந்த மூன்றும் ஒன்றாகச் சேராது. மலிவாகக் கிடைக்கிறது என்பதால் சேர்ந்துவிடாது. என்னுடையதை விற்பாயா என்று அடுத்து கேட்பாய், அதற்கும் மாட்டேன். பில்லைக் கட்டிய கையோடு பேசுகிறேன், அடுத்த மாதம் கேட்டால் குரல் கொஞ்சம் இறங்கியிருக்கலாம்.

கேட்காமல் வாங்கத்தான் போகிறாய் என்றால், பணம் கொடுக்கும் முன் பெட்டியை உன் வண்டியிலேயே ஏற்றி, அதன் தண்ணீர்த் தொட்டியை நிரப்பி, குடும்பத்தையும் உட்காரவைத்து எடைமேடைக்கு ஓட்டிப் போ. மொத்த எடையை ஒரு சீட்டு, பின் அச்சைத் தனியாக ஒரு சீட்டு. கூட வர விற்பவர் மறுத்தால், முன்பணத்தைப் பையிலேயே வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடு.