க்ளே தாம்ப்சனா, பட்டி ஹீல்டா: 2024 கோடையில் வாரியர்ஸ் எடுத்த முடிவு

2024 ஏப்ரல் 16 அன்று சாக்ரமெண்டோவில் நடந்த பிளே-இன் (இறுதிக் கட்டத் தொடர்களுக்கான தகுதி) ஆட்டத்தில், அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவின் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் அணி 94-118 என்று தோற்றது. அன்று க்ளே தாம்ப்சன் பத்து முறை கூடையை நோக்கி எறிந்தார், பத்தும் தவறின. ஒரு புள்ளிகூட எடுக்காமல் அவர் அரங்கை விட்டு வெளியேறியபோது, பதின்மூன்று பருவங்களாக அவர் இருந்த அணியுடனான ஒப்பந்தமும் முடிவை நெருங்கியிருந்தது. அவரை மீண்டும் ஒப்பந்தம் செய்வதா, அல்லது விடைகொடுத்துவிட்டு அந்த இடத்தை வேறு வழியில் நிரப்புவதா என்ற கேள்வி அந்தக் கோடையில் வாரியர்ஸ் நிர்வாகத்தின் முன் நின்றது. ஜூலையில் அவர் டல்லாஸ் மாவெரிக்ஸ் அணிக்குப் போனார். ஆறு அணிகள் பங்கேற்ற அந்தப் பரிமாற்றத்தின் வழியே பட்டி ஹீல்டும் கைல் ஆண்டர்சனும் வாரியர்ஸுக்கு வந்தனர். அந்த முடிவு சரிதான் என்பது என் கருத்து. ஆனால் அதற்குப் பரவலாகச் சொல்லப்படும் காரணமான பணம், கணக்குப் போட்டுப் பார்த்தால் உறுதியாக நிற்கவில்லை.

முதலில், வாரியர்ஸ் எதைக் கைவிட்டது என்பதைச் சரியாக அளக்க வேண்டும். 2015 ஜனவரியில் சாக்ரமெண்டோ அணிக்கு எதிராக ஒரே கால்பகுதியில் 37 புள்ளிகள் எடுத்தவர் தாம்ப்சன். அந்தப் பன்னிரண்டு நிமிடங்களில் அவர் எறிந்த 13 பந்துகளும் கூடைக்குள் விழுந்தன, அவற்றில் ஒன்பது மூன்று புள்ளி எறிதல்கள். 2018 அக்டோபரில் சிகாகோவுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 14 மூன்று புள்ளிக் கூடைகள் போட்டு என்பிஏ சாதனை படைத்தார். ஆனால் அவருடைய ஆட்டத்தின் இயல்பை முழுமையாகக் காட்டுவது, 2016 டிசம்பரில் இண்டியானாவுக்கு எதிராக 29 நிமிடங்களில் 60 புள்ளிகள் எடுத்த இரவுதான். அன்று அவர் பந்தைத் தரையில் தட்டியது மொத்தம் 11 முறை. அணியின் நட்சத்திர வீரர் ஸ்டெஃபன் கறி பந்தோடு நகர, எதிரணியின் பார்வை அவர் மீது குவிய, தடுப்பாளர்களைச் சுற்றி ஓடி வரும் தாம்ப்சன் பந்தைப் பெற்ற கணமே எறிந்துவிடுவார். பந்தைத் தன் கையில் வைத்துக்கொள்ளத் துடிக்காத, ஆனால் எந்த நேரமும் எதிரணியை அச்சத்தில் வைத்திருக்கும் இப்படியொரு வீரர், கறியைப் போன்ற ஆட்டக்காரருக்கு வாய்ப்பது அரிது. இதற்கு மேல், எதிரணியின் சிறந்த காவலரை (‘கார்ட்’ எனப்படும், பந்தைக் கொண்டுசெல்லும் வீரரை) தடுக்கும் வேலையும் பல ஆண்டுகள் அவர் தோளில்தான் இருந்தது.

2019 இறுதிச் சுற்றில் தாம்ப்சனின் இடது முழங்கால் தசைநார் அறுந்தது; 2020 நவம்பரில் வலது குதிகால் தசைநாண் அறுந்தது. 941 நாள்களுக்குப் பிறகு 2022 ஜனவரியில் திரும்பி வந்து நான்காவது பட்டத்திலும் பங்கெடுத்தார். அடுத்த பருவத்தில் 301 மூன்று புள்ளிக் கூடைகளுடன் லீக்கிலேயே முதலிடம் பிடித்தார். எறியும் கை பழுதடையவில்லை. பக்கவாட்டில் விரைந்து நகரும் கால்கள்தான் முன்போல் இல்லை. வேகமான காவலர்களைத் தடுக்கும் வேலையிலிருந்து அவர் மெல்ல விலக, தடுப்பாட்டத்தில் அவருக்குப் பொருத்தமான இடம் தேட வேண்டியதாயிற்று. 2023-24 பருவத்தில் அவருடைய சராசரி 17.9 புள்ளிகள், மூன்று புள்ளி எறிதலில் 38.7 விழுக்காடு. மற்ற எந்த வீரருக்கும் இவை நல்ல எண்கள். 4 கோடியே 32 லட்சம் டாலர் சம்பளம் வாங்கியவருக்கு, அதைவிட முக்கியமாகத் தன் பழைய உருவத்தோடு ஒப்பிடப்பட்டவருக்கு, இவை போதவில்லை.

ஹீல்டின் தகுதிகளைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். பஹாமாஸிலிருந்து வந்த அவருக்கு அந்தக் கோடையில் 31 வயது. தாம்ப்சனைவிட ஏறத்தாழ மூன்று வயது இளையவர். தூரத்திலிருந்து எறிவதில் வாழ்நாள் சராசரி 40 விழுக்காட்டை ஒட்டி இருந்தது. ஆட்டங்களைத் தவறவிடுவது மிக அரிது. தடுப்பாட்டத்தில் அவர் என்றுமே வலுவானவர் அல்லர். ஒரு வாரம் பற்றி எரிவதும் அடுத்த இரண்டு வாரம் அணைந்து கிடப்பதும் அவருடைய வழக்கம்.

இனிப் பணத்துக்கு வருவோம். 2023-இல் நடைமுறைக்கு வந்த புதிய ஊதிய உடன்பாடு, இரண்டாம் ஏப்ரன் என்ற செலவுக் கோட்டைத் தாண்டும் அணிகளின் கைகளைக் கட்டிவிட்டது. அத்தகைய அணி அதிகச் செலவுக்கான சொகுசு வரி கட்டுவதோடு, ஊதிய வரம்பைத் தாண்டிய அணிக்கும் பொதுவாகக் கிடைக்கும் நடுத்தர ஊதியச் சலுகையைப் பயன்படுத்திப் புதிய வீரரை எடுக்க முடியாது; பல வீரர்களின் சம்பளங்களைச் சேர்த்து ஒரு பெரிய வீரருக்கு மாற்றவும் முடியாது. கறி, டிரேமண்ட் கிரீன், ஆண்ட்ரூ விக்கின்ஸ் ஆகிய மூன்று வீரர்களுக்கே பத்துக் கோடி டாலருக்கு மேல் போகும் அணியில் தாம்ப்சனுக்கு இடமில்லை என்ற வாதம் இங்கிருந்துதான் பிறக்கிறது. ஆனால் டல்லாஸ் அவருக்குத் தந்தது மூன்று ஆண்டுகளுக்கு 5 கோடி டாலர். முதல் ஆண்டுக்கு ஏறத்தாழ 1 கோடியே 59 லட்சம். ஹீல்ட், ஆண்டர்சன் ஆகிய இருவரும் முதல் ஆண்டில் தலா ஏறத்தாழ 88 லட்சம் பெற்றனர். கூட்டினால் 1 கோடியே 76 லட்சம். அதாவது, டல்லாஸ் கொடுத்த விலைக்கே தாம்ப்சன் தங்கச் சம்மதித்திருந்தால், அவரை வைத்துக்கொள்வது வாரியர்ஸுக்குச் செலவு குறைவான வழியாகவே இருந்திருக்கும். ஆகவே உண்மையான ஒப்பீடு தாம்ப்சனுக்கும் ஹீல்டுக்கும் இடையே அன்று. ஒரு தாம்ப்சனுக்கும், ஹீல்டும் ஆண்டர்சனும் சேர்ந்த இணைக்கும் இடையே.

இந்த இணையின் பயன் ஆடுகளத்தில் மட்டும் தெரிந்துவிடவில்லை. அதே கோடையில் நடுத்தர ஊதியச் சலுகையில் எடுத்த டி'ஆந்தனி மெல்டன் என்ற வீரர் நவம்பரிலேயே முழங்கால் காயத்தால் பருவத்தை இழந்தார். டிசம்பரில் அவரைக் கொடுத்து வாரியர்ஸ் டென்னிஸ் ஷ்ரோடரை வாங்கியது. 2025 பிப்ரவரியில் விக்கின்ஸ், ஆண்டர்சன், ஷ்ரோடர் ஆகியோரின் சம்பளங்களைச் சேர்த்துத்தான் நட்சத்திர வீரர் ஜிம்மி பட்லரைக் கொண்டுவர முடிந்தது. தாம்ப்சன் இருந்திருந்தால் அந்தப் பரிமாற்றம் நடந்தே இருக்காது என்று சொல்ல மாட்டேன். ஆண்டர்சனுக்குப் பதிலாக அதே அளவு சம்பளம் வாங்கும் இன்னொருவரைச் சேர்த்திருக்கலாம். எனினும், நகர்த்துவதற்கு எளிதான சிறு ஒப்பந்தங்கள் பல கையில் இருப்பதும், ரசிகர்கள் நெஞ்சில் வைத்திருக்கும் ஒரு வீரரின் பெரிய ஒப்பந்தம் ஒன்று இருப்பதும் ஒரு நிர்வாகிக்கு ஒன்றாகிவிடாது.

எறிதலை மட்டும் எடுத்துக்கொண்டால் 2024-25 பருவம் தாம்ப்சன் பக்கமே சாய்கிறது. டல்லாஸில் அவர் சராசரியாக 14 புள்ளிகளும், மூன்று புள்ளி எறிதலில் 39.1 விழுக்காடும் எடுத்தார். ஹீல்ட் 82 ஆட்டங்களிலும் ஆடி 11.1 புள்ளிகளும் 37 விழுக்காடும் எடுத்தார். ஆனால் 2025 மே 4 அன்று ஹூஸ்டனில் நடந்த, முதல் சுற்றுத் தொடரைத் தீர்மானிக்கும் ஏழாவது ஆட்டத்தில், பதினொரு முறை தூரத்திலிருந்து எறிந்து ஒன்பதைக் கூடையில் சேர்த்து 33 புள்ளிகளுடன் தொடரை முடித்துவைத்தவர் ஹீல்ட். பருவம் முழுவதும் பொறுத்துக்கொண்ட ஏற்ற இறக்கத்துக்கு ஓர் இரவில் கிடைத்த ஈடு அது. அந்த ஒரே ஆட்டத்தை வைத்து நிர்வாகத்தின் தொலைநோக்கைப் புகழ்வது எனக்கு ஏற்புடையதன்று. அடுத்த சுற்றில் கறி காயமடைந்ததும் மின்னசோட்டாவிடம் அணி 1-4 என்று வீழ்ந்தது.

விடைகொடுத்தது சரி என்று நான் கருதுவதற்குக் காரணம் 2024 பிப்ரவரியில் இருக்கிறது. தொடக்க ஐவரிலிருந்து தாம்ப்சன் நீக்கப்பட்டு, அந்த இடம் இளைஞர் பிரண்டின் போட்ஸியெம்ஸ்கிக்குத் தரப்பட்டது. மாற்று வீரராக இறங்கிய முதல் ஆட்டத்திலேயே, யூட்டாவில், அவர் 35 புள்ளிகள் எடுத்தார். அந்தப் பணியை அவரால் சிறப்பாகச் செய்ய முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. ஆனால் தான் கட்டியெழுப்பிய வீட்டிலேயே திண்ணைக்கு அனுப்பப்பட்டதாக அவர் உணர்ந்ததை அந்தப் பருவம் முழுவதும் அவர் முகத்தில் காண முடிந்தது. அதே மாற்று வீரர் இடத்தை ஹீல்ட் சுமையாகக் கருதவில்லை. அவருடைய ஒவ்வொரு தவறையும் நிறுத்துப் பார்க்க அங்கே 2015-ஆம் ஆண்டின் நினைவு இல்லை. தாம்ப்சனுக்கு டல்லாஸ் தந்ததும் இந்த விடுதலையைத்தான். 2025 ஏப்ரல் 16 அன்று, அந்தப் பூஜ்யத்துக்குச் சரியாக ஓராண்டு கழித்து, அதே சாக்ரமெண்டோ அரங்கில் அவர் 23 புள்ளிகள் எடுத்து டல்லாஸை வெல்ல வைத்தார்.

நிர்வாகத்தின் பிழை முடிவில் இல்லை, தாமதத்தில் இருக்கிறது. ஒப்பந்த நீட்டிப்பை முடிவுக்குக் கொண்டுவராமல் ஒரு முழுப் பருவத்தையும் அவரை ஆட வைத்தது, நான்கு பட்டங்களுக்கு உழைத்தவருக்குச் செய்யத் தகாதது. 2024 நவம்பர் 12 அன்று எதிரணி வீரராக அவர் சான் பிரான்சிஸ்கோ அரங்கில் நுழைந்தபோது, படகோட்டியான அவரைச் சிறப்பிக்க அரங்கில் இருந்த அனைவருக்கும் கேப்டன் தொப்பி வழங்கப்பட்டிருந்தது. அந்த மரியாதை உண்மையானது. ஆனால் ஓராண்டு பிந்தி வந்தது.

தாம்ப்சனின் டல்லாஸ் ஒப்பந்தம் 2027 கோடையில் முடிகிறது. கறி 2024-இல் செய்துகொண்ட நீட்டிப்பும் அதே பருவத்தோடு முடிகிறது. அப்போது தாம்ப்சனுக்கு 37 வயது ஆகியிருக்கும். வாரியர்ஸ் அவரை அழைக்க விரும்பினால், ஓராண்டுக்குக் குறைந்தபட்ச ஊதியம், இரண்டாம் வரிசையில் பதினைந்து நிமிடங்கள் என்ற அளவில் அழைக்கலாம். அதற்கு மேல் தருவது இரு தரப்புக்கும் நல்லதன்று. எத்தனை நிமிடங்கள், யாருக்குப் பின்னால் என்பதை மட்டும் அவர் கையெழுத்திடும் முன்பே அவரிடம் நேரில் சொல்லிவிட வேண்டும்.