நிலுவையை வேறு கார்டுக்கு மாற்றிக் கட்டும் வசதி: பதினோரு மாதப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்பீடு

ஒரு கிரெடிட் கார்டில் சேர்ந்துவிட்ட நிலுவையை வேறொரு வங்கியின் கார்டுக்கு மாற்றி, சில மாதங்களுக்கு வட்டியில்லாமல் கட்டிக்கொள்ள அனுமதிக்கும் வசதியைப் பதினோரு மாதங்கள் பயன்படுத்தி, சென்ற மாதம் கணக்கை நேர் செய்தேன். எனக்குக் கிடைத்த நிபந்தனைகள் இவை: 12 மாதங்களுக்கு வட்டி கிடையாது, மாற்றும் தொகையில் 3 சதவீதம் கட்டணம், மாதந்தோறும் நிலுவையில் 5 சதவீதம் குறைந்தபட்சத் தொகை, 13-ஆவது மாதம் முதல் வழக்கமான வட்டி. பழைய கார்டில் மாத வட்டி 3 சதவீதம். எந்த நாணயமாக இருந்தாலும் கணக்கு ஒன்றுதான் என்பதால், தொடக்க நிலுவையை 100 என்றே வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

மாதம் 3 சதவீதம் என்பது காதுக்குச் சிறியதாகத்தான் கேட்கிறது. ஆனால் கட்டாமல் விட்டால் வட்டி குட்டி போட்டு, ஓராண்டில் 100 என்பது ஏறக்குறைய 142.6 ஆகிவிடும். குறைந்தபட்சத் தொகையைத் தவறாமல் கட்டி வருகிறவரின் நிலையும் அப்படியொன்றும் மேலானதல்ல: புதிதாக எதுவும் வாங்காமல், 5 சதவீதத்தை மட்டும் 32 மாதங்கள் கட்டினால் மொத்தம் 120 கட்டியிருப்பார், நிலுவையோ பாதிதான் குறைந்திருக்கும். நானும் இரண்டாண்டுகளுக்கு மேல் அப்படிக் கட்டி வந்தவன்தான். தாமதக் கட்டணம் ஒருமுறைகூட விழவில்லை என்பதையே ஒழுங்கு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

விண்ணப்பம் எளிமையாகவே இருந்தது. பழைய கார்டின் எண்ணையும் மாற்ற வேண்டிய தொகையையும் கொடுத்தால், புதிய வங்கி நேரடியாகப் பழைய கணக்கில் செலுத்திவிடுகிறது. முதல் ஏமாற்றம் வரம்பில் வந்தது. புதிய கார்டின் கடன் வரம்பு முழுவதையும் நிலுவை மாற்றத்துக்குப் பயன்படுத்த முடியாது என்பதும், கட்டணமும் அந்த வரம்புக்குள்ளேயே அடங்க வேண்டும் என்பதும் விண்ணப்பம் ஏற்கப்பட்ட பிறகுதான் எனக்குத் தெரிந்தது. ஆகவே 100-இல் 80 மட்டுமே மாறியது. கட்டணத்தோடு அது 82.4 ஆனது, மீதி 20 பழைய கார்டிலேயே 3 சதவீத வட்டியில் தங்கியது.

அந்த 20-ம் 20-ஆக வரவில்லை. அடுத்த ஸ்டேட்மென்டில், அந்த 20-க்கான வட்டி போகவே, 21.6 என்றிருந்ததைப் பார்த்து முதலில் யாரோ தவறு செய்திருக்கிறார்கள் என்றே நினைத்தேன். முந்தைய ஸ்டேட்மென்ட் தேதிக்கும் பணம் போய்ச் சேர்ந்த தேதிக்கும் இடையில் 20 நாட்கள் இருந்தன. வட்டி நாள் கணக்கில் ஏறுவதால், மாற்றிய 80-க்கு அந்த 20 நாட்களுக்கான வட்டி 1.6 பின்னால் வந்து சேர்ந்திருக்கிறது. மாற்றாமல் இருந்திருந்தாலும் அது வந்தே இருக்கும் என்பதால் கீழே வரும் கணக்குகளில் அதைச் சேர்க்கவில்லை. ஆயினும், நிலுவை முழுவதையும் மாற்றிவிட்டுப் பழைய கார்டை அலமாரியில் போட்டு மறந்துவிடுகிறவருக்கு, இந்தச் சிறு தொகையே தாமதக் கட்டணமாக வளர்ந்து நிற்கும். மாற்றிய பின் குறைந்தது இரண்டு ஸ்டேட்மென்டுகளையாவது பார்க்க வேண்டும்.

இந்த வசதியில் எனக்கு உண்மையாகவே மனத்தாங்கல் உண்டாக்கியது ஆட்டோ டெபிட் பக்கம்தான். ஒவ்வொரு மாதமும் வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பிடித்துக்கொள்ளச் சம்மதம் கேட்கும் அந்தப் பக்கத்தில், 'குறைந்தபட்சத் தொகை' என்பது முன்னதாகவே தேர்வு செய்யப்பட்டிருந்தது. 'முழு நிலுவை' என்பது அடுத்த தேர்வு. நான் விரும்பும் ஒரு நிலையான தொகையை எழுதும் கட்டம் 'பிற' என்பதை அழுத்திய பிறகுதான் திறந்தது. கடனை முடிப்பதற்கென்றே விளம்பரம் செய்யப்படும் ஒரு வசதி, முடிக்க வழி செய்யும் ஒரே தேர்வை இப்படி மடித்து வைத்திருப்பதைத் தற்செயல் என்று என்னால் நம்ப முடியவில்லை. முன்தேர்வை அப்படியே விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கணக்கிட்டுப் பார்த்தேன்: வட்டியே இல்லாத 12 மாதங்களும் 5 சதவீதம் வீதம் கட்டினால், 82.4-இல் 44.5 மிச்சமிருக்கும். அதாவது பாதிக்கு மேல் அப்படியே நிற்கும்போது சலுகை முடிந்து, பழைய வட்டி புதிய கார்டில் தொடங்கிவிடும். வாடிக்கையாளர் சேவையை அழைத்துக் கேட்டபோது, "எல்லோருக்கும் அப்படித்தான் வரும், நீங்கள் வேண்டுமானால் மாற்றிக்கொள்ளலாம்" என்றார்கள். பதில் பணிவானதுதான்; பொய்யும் இல்லை.

இரண்டு கார்டுகளிலும் சேர்த்து மாதம் 10 கட்டுவது என்று முடிவு செய்தேன். எதற்கு எவ்வளவு என்பதில் சற்றுக் குழப்பம் இருந்தது. பெரிய நிலுவை புதிய கார்டில் இருந்ததால் கை தானாக அங்கேயே போகப் பார்த்தது. ஆனால் வட்டி ஓடுவது பழைய கார்டில் என்பதால், புதியதில் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிவிட்டு மிச்சம் முழுவதையும் பழையதில் செலுத்தினேன். நான்காவது மாதத்தில் பழைய கார்டு முடிந்தது. அன்றே ஆட்டோ டெபிட்டில் 10 என்று எழுதினேன். பதினோராவது மாதத்தில் புதியதும் முடிந்தது. வெளியே போனது மொத்தம் ஏறக்குறைய 103.8. அதே 10-ஐ எதையும் மாற்றாமல் பழைய கார்டிலேயே மாதந்தோறும் கட்டியிருந்தால், 12 மாதங்கள் கழிந்து ஒரு துணுக்குத் தொகை மிச்சமிருக்க, ஏறக்குறைய 121 போயிருக்கும்.

ஆக, இந்த வசதி எனக்கு மிச்சப்படுத்தியது 100-க்கு 17. காலத்தில் ஒரு மாதத்துக்குச் சற்று மேல். 17 சிறிய தொகையல்ல, வரவேற்கிறேன். ஆனால் என் கடனை முடித்ததில் பெரும்பங்கு மாதம் 5 என்பதை 10 ஆக்கியதற்கும் அதை நிலுவை குறையக் குறையக் குறைக்காமல் வைத்திருந்ததற்கும்தான் சேரும். அதை எந்த விண்ணப்பமும் கட்டணமும் இல்லாமல் முதல் கார்டிலேயே செய்திருக்கலாம். குறைந்தபட்சத் தொகை நிலுவையோடு சேர்ந்து சுருங்கிக்கொண்டே போவதால், அதைப் பின்பற்றுகிறவர் மாதாமாதம் சுமை குறைவதாக உணர்கிறார். முடிவோ தள்ளிக்கொண்டே போகிறது.

புதிய கார்டில் ஒன்றும் வாங்கக் கூடாது என்ற அறிவுரையை நானே ஒருமுறை மீறினேன். மடிக்கணினிக்கு ஒரு சார்ஜர் வாங்க வேண்டியிருந்தது. கைக்கு வந்தது அந்தக் கார்டு. வழக்கமாக ஸ்டேட்மென்டின் கெடு தேதி வரை வட்டியில்லாமல் கிடைக்கும் நாட்கள், முந்தைய நிலுவையை முழுவதும் கட்டியவருக்கு மட்டுமே உரியவை. மாற்றப்பட்ட நிலுவை நின்றுகொண்டிருந்ததால், சார்ஜருக்கு வாங்கிய நாளிலிருந்தே வட்டி விழுந்தது. தொகை அற்பம்தான். இருந்தாலும், வட்டியில்லாக் கார்டு என்று பெயர் பெற்ற ஒன்றில் வட்டி என்ற வரியைப் பார்த்த பிறகு, அந்தக் கார்டின் எண்ணைக் கைப்பேசியில் சேமித்து வைத்திருந்த எல்லா இடங்களிலிருந்தும் நீக்கினேன். ஒரு தவணை தாமதமானாலும் சலுகையை ரத்து செய்யும் உரிமை வங்கிக்கு உண்டு என்ற விதியும் என் ஒப்பந்தத்தில் இருந்தது. விதிமுறைகளைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு படித்தபோதுதான் அது தென்பட்டது.

இரண்டே மாதங்களில் நிலுவையைக் கட்டிவிடக்கூடியவருக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன்: 3 சதவீத வட்டியில் அவருக்கு ஆகும் செலவு 4.5, இங்கே கட்டணமே 3. அந்த ஒன்றரைக்காக ஒரு புதிய கார்டு தேவையில்லை. செலவு இன்னும் வரவை மீறிக்கொண்டிருப்பவருக்கும் வேண்டாம்; காலியான பழைய வரம்பு மறுபடி நிரம்பி, ஒரு நிலுவை இரண்டாகும். செலவை ஏற்கெனவே நிறுத்திவிட்டு, நிலுவையைச் சலுகைக் காலத்துக்கு ஒரு மாதம் குறைவாக வகுத்து, அந்தத் தொகையை மாதந்தோறும் எடுத்துவைக்க முடிகிறவருக்கு நல்ல வசதி என்று தயங்காமல் சொல்வேன். அவர் ஆட்டோ டெபிட் பக்கத்தில் 'பிற' என்பதைத் தேடி அழுத்த வேண்டும்.

கடைசித் தவணை போன மறுவாரம், என் வரம்பை உயர்த்தியிருப்பதாகவும் இன்னொரு நிலுவையை மாற்றிக்கொள்ளலாம் என்றும் அதே வங்கியிடமிருந்து செய்தி வந்தது. நிலுவை இல்லை என்பதற்கான கடிதத்தை நான் கேட்டு ஒன்பது நாட்களாகின்றன. அது இன்னும் வரவில்லை.