இருப்பிடம் காட்டும் கருவி: வாங்கலாம், ஆனால் ரசீதைத் தொலைக்காதீர்கள்

சைக்கிள் இருக்கைக்கு அடியில் ஒளித்து வைத்திருந்த இந்த ப்ளூடூத் கருவி, திருடுபோன வண்டி ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் இருப்பதைக் காட்டியது. எந்த மாடி, எந்த வீடு என்று காட்டவில்லை. பெரிய குறை இது. வரைபடத்தில் தெரிந்த அந்தப் புள்ளியை மட்டும் வைத்து, வீடுகளைச் சோதனையிட நீதிமன்ற ஆணை கேட்க முடியாது என்றார் காவல் அதிகாரி. எனக்குக் கோபம் வந்தது. ஆனாலும் நியாயம்தான், சம்பந்தமே இல்லாதவர் வீட்டுக்குள் எப்படி நுழைவது? அவர் ஒவ்வொரு கதவாகத் தட்டி, அதட்டாமல் விசாரித்தார். மலிவாகக் கிடைத்ததென்று வாங்கியிருந்த ஒருவர் தானாகவே வண்டியை வெளியே கொண்டுவந்தார். பெடல் அச்சுக்குக் கீழே சட்டத்தின் அடிப்பகுதியில் பொறித்திருந்த வரிசை எண் என் ரசீதோடு ஒத்துப்போனது; வண்டி என்னுடையது என்று நிரூபித்தது அதுதான், கருவி அல்ல. மின்கலம் நன்றாக உழைக்கிறது. ஐந்துக்கு மூன்று நட்சத்திரம். அந்த அதிகாரிக்கு ஐந்தும்.