கிளவுன் கில்லி: மூன்று ஆண்டு வளர்ப்பு அனுபவம்

எபிபிளாட்டிஸ் அன்னுலேட்டஸ் என்னும் மீனைக் கடைகளில் கிளவுன் கில்லி என்றும் ராக்கெட் கில்லி என்றும் சொல்வார்கள். நன்கு வளர்ந்த ஆண் மீன்கூட நான்கு சென்டிமீட்டரைத் தாண்டுவதில்லை. வெளிர் உடலில் அகலமான கறுப்புப் பட்டைகளும், ஆணின் வாலில் தீச்சுடர் போல நீண்டு நிற்கும் நீலமும் சிவப்பும் இதன் அடையாளம். கினி, சியரா லியோன், லைபீரியா ஆகிய மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் தாழ்நிலச் சதுப்புகளிலும் மெதுவாக ஓடும் சிற்றோடைகளிலும் வாழும் இந்த இனத்தை 1915இல் விலங்கியலாளர் பூலெஞ்சர் அறிவியல் உலகுக்கு விவரித்தார்.

கில்லி என்ற மீன் வகையின் பெயருக்கும், கொல்வதைக் குறிக்கும் 'கில்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கும் தொடர்பில்லை. கால்வாயைக் குறிக்கும் டச்சுச் சொல்லிலிருந்து வந்தது அது. கில்லி மீன் என்றாலே முட்டைகளை ஈர மண்ணில் வைத்து மாதக்கணக்கில் காக்க வேண்டும் என்று பலர் தயங்குகிறார்கள். வற்றிப்போகும் குட்டைகளில் வாழும் நோத்தோபிராங்கியஸ் இனங்களுக்கு அது பொருந்தும். கிளவுன் கில்லியோ ஆண்டு முழுவதும் நீர் இருக்கும் இடத்து மீன்; முட்டையும் நீரிலேயே பொரிகிறது, நல்ல பராமரிப்பில் இரண்டு மூன்று ஆண்டுகள் உயிர் வாழ்கிறது.

நான் பன்னிரண்டு மீன்களுடன் தொடங்கினேன். தொட்டி 60 சென்டிமீட்டர் நீளம், 30 அகலம், 25 உயரம். இவை எப்போதும் நீர்மட்டத்தை ஒட்டியே நிற்பதால் தொட்டியின் ஆழத்தைவிட மேற்பரப்பின் அகலமே முக்கியம். ஓட்டமான நீர் இவற்றுக்கு ஆகாது; ஆகவே மெதுவாகக் குமிழிவிடும் ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர் மட்டும் வைத்தேன். மேலே சால்வினியா என்னும் மிதக்கும் செடி, ஓரங்களில் ஜாவா மாஸ் என்னும் நீர்ப்பாசி, அடியில் காய்ந்த நாட்டு வாதுமை இலைகள். எங்கள் ஆழ்குழாய்க் கிணற்று நீர் மிகவும் கடினமானது என்பதால், உப்புகள் நீக்கிய ஆர்ஓ நீரில் அதைச் சிறிதளவு கலந்து, கரைந்துள்ள உப்புகளின் அளவைக் காட்டும் டிடிஎஸ்ஸை 100க்கு அருகில் வைத்திருக்கிறேன். வெறும் ஆர்ஓ நீரை மட்டும் பயன்படுத்தினால் பிஹெச் (அமில-காரத் தன்மை) நிலையாக நிற்காது.

இந்த மீனுக்கு 24 முதல் 26 டிகிரி வரை இதமான வெப்பநிலை. கோடையில் தொட்டி நீர் 31 டிகிரியைத் தொட்டபோது ஆண்கள் நிறம் மங்கி, முட்டையிடுதலும் நின்றுபோனது. நீர்மட்டத்தின் மேல் ஒரு சிறு மின்விசிறியைத் திருப்பி வைத்ததில் இரண்டு மூன்று டிகிரி குறைந்தது. அப்படி ஆவியாகிக் குறையும் நீரை ஆர்ஓ நீரால்தான் ஈடுசெய்ய வேண்டும். ஏனெனில் நீர் ஆவியானாலும் அதிலிருந்த உப்புகள் தொட்டியிலேயே தங்கிவிடுகின்றன.

மூடியைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். முதல் மாதத்திலேயே, காற்றுக்குழாய் நுழையும் விரல் அகல இடைவெளி வழியாக ஓர் அழகான ஆண் மீன் வெளியே துள்ளி இறந்தது. அந்த இடைவெளியை அன்றே ஸ்பாஞ்சால் அடைத்தேன். அதன் பிறகு எந்த மீனும் அப்படித் துள்ளி இறக்கவில்லை. உணவில் சிக்கல் ஏதும் இல்லை: மேலே மிதக்கும் சிறு உணவாக இருந்தால் போதும். கொசுப்புழுவும், ஆர்ட்டீமியா என்னும் உப்புநீர்ச் சிற்றுயிரும் கொடுக்கும் நாட்களில் நிறம் கூடுவதைக் கண்ணால் பார்க்கலாம்.

இனப்பெருக்கத்தைப் பொறுத்தவரை, முட்டையிட வைப்பது கடினமன்று. குஞ்சைப் பிழைக்க வைப்பதே கடினம். பெண் மீன் நாளுக்குச் சில முட்டைகளை மட்டுமே, சால்வினியாவின் வேர்களிலும் மாஸ் இழைகளிலும் ஒவ்வொன்றாக ஒட்டிவைக்கிறது. ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் அளவுள்ள அந்த முட்டைகள் 25 டிகிரியில் ஒன்பது முதல் பன்னிரண்டு நாட்களில் பொரிந்தன. முதல் ஈட்டில் மாஸை வேறு பெட்டிக்கு மாற்றி, பொரிந்தவற்றுக்கு உடனே ஆர்ட்டீமியா குஞ்சுகளைக் கொடுத்தேன். ஐந்தே நாட்களில் எல்லாம் இறந்தன. அவற்றின் வாய்க்கு அந்த இரை பெரிது என்பதை நான் முன்கூட்டியே யோசித்திருக்க வேண்டும். முதல் பத்து நாட்களுக்கு இன்ஃபியூசோரியா, பாரமீசியம் போன்ற கண்ணுக்கு எளிதில் தெரியாத நுண்ணுயிர்கள் இடைவிடாமல் கிடைக்க வேண்டும். குஞ்சு இரை தேடி அலைவதில்லை, மேற்பரப்பில் நின்றபடி தன் முன்னால் வருவதை மட்டுமே பிடிக்கிறது.

எனவே அடுத்த முறை, இலைகள் மட்கி, பாசி படர்ந்த நான்கு மாதப் பழைய தொட்டியொன்றை ஆயத்தம் செய்து, ஒரு வாரம் முட்டை ஏறிய சால்வினியாவை மட்டும் அதில் மாற்றினேன். சுத்தம் செய்யவில்லை, நீரைக்கூட மாற்றாமல், குறைந்ததை மட்டும் நிரப்பினேன். இருபத்திரண்டு குஞ்சுகள் தேறின. பத்து நாள் கழித்துத்தான் ஆர்ட்டீமியா தொடங்கினேன். பெரிய குஞ்சு சிறியதை விழுங்கிவிடும் என்பதால், ஒரு வாரத்து முட்டைகளுக்குமேல் ஒரே தொட்டியில் சேர்ப்பதில்லை. ஐந்தாம் மாதத்தில் ஆண்களின் வாலில் நிறம் ஏறியது.

முதலில் வாங்கிய மீன்களில் இப்போது இரண்டு பெண்கள் மட்டுமே மீதம். பெரிய தொட்டியில் இன்று இருப்பவை பெரும்பாலும் அவற்றின் பேரக் குஞ்சுகள். அங்கே சால்வினியா அடர்ந்திருப்பதால், நான் எதையும் பிரித்தெடுக்காமலேயே மாதத்துக்கு இரண்டு மூன்று குஞ்சுகள் அதன் வேர்களுக்கிடையே தலைகாட்டுகின்றன.