கீரைப் பாத்தியில் பூனை: தோலா, முள்ளா, வலையா?

சேலையூரில் எங்கள் வீட்டுக் கொல்லையில் பத்தடிக்கு நான்கடியாக மூன்று பாத்திகள் இருக்கின்றன. இரண்டு வருடங்களுக்கு முன்பு தை மாதத்தில் அரைக்கீரை விதைத்தேன். மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் நடுப்பாத்தியில் உள்ளங்கை அகலத்துக்கு நான்கு குழிகள். மூன்று வெறும் குழி; நான்காவதை மட்டும் மண் தள்ளி மூடியிருந்தது. விதையெல்லாம் ஓரத்தில் குவிந்து கிடந்தது. தெருவில் திரியும் மூன்று பூனைகளில் ஏதோ ஒன்றின் வேலை.

பூனையின் மேல் எனக்குக் கோபமில்லை. கொத்தி, சலித்து, தொழுவுரம் கலந்து பொலபொலவென்று வைத்த மண்தான் மலம் கழிக்க அது தேடுகிற இடம். எதிர்வீட்டு அம்மா சாயங்காலம் அவற்றுக்குச் சோறு வைக்கிறார். அவை வந்த பிறகு எலித் தொல்லையும் குறைந்திருக்கிறது. கொல்லையில் திரியட்டும், பாத்தியைத் தோண்டக் கூடாது என்பதுதான் என் கணக்கு.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். ஆனால் அப்போது மருமகள் மாசமாக இருந்தாள். பூனையின் மலத்தில் டாக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணியின் முட்டைகள் இருக்கக்கூடும். வெளியே வந்து ஒன்று முதல் ஐந்து நாட்களில் அவை தொற்றும் நிலையை அடைகின்றன. ஈர மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். கர்ப்பிணிக்குப் புதிதாகத் தொற்றினால் வயிற்றுப் பிள்ளையைப் பாதிக்கலாம். எல்லாப் பூனைக்கும் அது இருக்கும் என்றில்லை. ஆனாலும் அந்தப் பாத்திக் கீரையை அவளுக்குச் சமைத்துப் போட மனம் ஒப்பவில்லை.

முதலில் செய்யக் கூடாததைச் சொல்லிவிடுகிறேன். பாச்சை உருண்டை போடாதீர்கள். அது பூனைக்கு விஷம். நாம் உண்ணும் கீரை வளரும் மண்ணிலும் இறங்கும். மிளகாய்த்தூள் காலில் ஒட்டி, நக்கும்போது வாய்க்கும் கண்ணுக்கும் போகும். வாயில்லாத ஜீவனுக்கு அந்த வதை வேண்டாம். மதிலை உயர்த்துவதும் வீண் செலவு. ஐந்தடிச் சுவரைப் பூனை ஒரே தாவலில் ஏறிவிடுகிறது.

எலுமிச்சைத் தோலும் ஆரஞ்சுத் தோலும் எல்லோரும் சொல்லும் வழி. பூனைக்கு அந்த வாசனை பிடிக்காது என்பது உண்மைதான். போட்ட அன்று பாத்திப் பக்கம் ஒன்றும் வரவில்லை. ஆனால் விதைத்த பாத்திக்குத் தினமும் பூவாளியால் தண்ணீர் தெளிக்கிறோம். இரண்டாம் நாளே தோல் வதங்கி வாசனை போய்விடுகிறது. அரைக்கீரை முதல் அறுப்புக்கு வர ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். அதுவரை ஒரு நாள் விட்டு ஒரு நாள் மூன்று பாத்திக்கும் தோல் சேர்க்க எந்த வீட்டில் அத்தனை எலுமிச்சம்பழம் பிழிகிறார்கள்? ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒரு நாள்கூடத் தாங்காது. நான் பத்து நாள் செய்தேன். பதினோராம் நாள் மறந்தேன். பன்னிரண்டாம் நாள் குழி.

முள் பரப்புவது பழைய வழி, காசும் செலவில்லை. இலந்தை முள்ளோ கருவேல முள்ளோ பரப்பினால் பூனை கால் வைக்காது. ஆனால் களை எடுக்கப் போகிற நம் கையும் அங்கேதான் போக வேண்டும். விதைக்காமல் சும்மா கிடக்கும் பாத்திக்குச் சரி.

அசைவைக் கண்டு தண்ணீர் பீய்ச்சும் கருவியை நான் வாங்கவில்லை. பீய்ச்சத் தண்ணீருக்கு அழுத்தம் வேண்டும். மேல்தொட்டி பத்து மீட்டர் உயரத்தில் இருந்தால்தான் ஏறக்குறைய ஒரு பார் (அழுத்தத்தின் அலகு) கிடைக்கும். எங்கள் தொட்டி அதில் பாதி உயரம்கூட இல்லை. நம் காதுக்குக் கேட்காத ஒலி எழுப்பும் கருவியைத் தங்கை வீட்டில் இரண்டு வாரம் பார்த்தேன். முதல் வாரம் பூனை வரவில்லை, அடுத்த வாரம் வந்தது. இரண்டு வாரத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்வது நியாயமில்லை.

நான் நிலைத்தது கோழி வலையில். வேலியாக அல்ல, மண்மேல் படுக்கையாக. ஹார்டுவேர் கடையில் ஒரு அங்குலக் கண்ணுள்ள ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) கம்பி வலை கேட்டு வாங்கி, பாத்தி அளவுக்கு வெட்டினேன். வெட்டிய ஓரத்தை மடித்துவிட வேண்டும். இல்லையென்றால் கையைக் கிழிக்கும். விதைத்து, மண் தூவி, வலையை விரித்து, ஒரு சாண் நீளக் கட்டுக்கம்பியை வளைத்து இரண்டடிக்கு ஒன்றாகக் குத்தினேன். அன்று சாயங்காலமே சாம்பல் நிறப் பூனை ஒன்று வந்தது. முன்காலால் இரண்டு முறை பிறாண்டியது, நகம் கம்பியில் பட்டதும் காலை உதறிக்கொண்டு மதில் ஏறிப் போனது. நாற்று வலைக் கண் வழியே தானாக மேலே வந்தது.

வலையை நான் தேர்ந்தெடுக்கக் காரணமே பராமரிப்புதான். ஒரு போகத்துக்கு அரை மணி நேர வேலை. தண்ணீர் ஊற்றினாலும் மழை பெய்தாலும் அது அப்படியே கிடக்கிறது. நாம் மறந்தாலும் அது காவல் காக்கிறது. இரண்டு வருடமாக அதே வலைதான். ஓரத்தில் மட்டும் கொஞ்சம் துரு.

குறையும் உண்டு. களைக்கொத்து போட முடியாது. களையைக் கையால்தான் பிடுங்க வேண்டும். முளைக்கீரையை வேரோடு பிடுங்கினால் வலையும் கூடவே எழும்பும். அறுத்து எடுக்கும் கீரைக்கே இது பொருந்தும். கத்தரிக்கும் வெண்டைக்கும் செடிக்கு ஒரு சாண் அகலம் கம்பியை வெட்டிவிடுங்கள், இல்லையென்றால் தண்டு பருக்கும்போது இறுக்கும். விலை குறைவு என்று பிளாஸ்டிக் வலையைத் தளர்வாகப் போடாதீர்கள். ஓணானும் சாரைப்பாம்பும் அதில் சிக்கிச் சாகும்.

இன்னொன்றும் கவனித்தேன். குப்பைமேனிக்குப் பூனைவணங்கி என்றும் பெயர் உண்டு. பிடுங்கிய வேரின் வாசனைக்குப் பூனை ஓடிவந்து உரசிப் புரளும். பாத்தியோரம் பிடுங்கிப் போட்ட அன்று அங்கேயே ஒன்று புரண்டுகொண்டிருந்தது. இப்போது பிடுங்கியதைக் கொல்லைக் கோடியில், முருங்கை மரத்தடியில், தளர்ந்த மணலாக ஒதுக்கிவைத்த இடத்தில் கொண்டுபோய்ப் போடுகிறேன். இரண்டு பூனைகள் அந்த மணலுக்குப் பழகிவிட்டன.