‘நீலக் கார்’ என்று சொல்லி என் தலையில் கட்டிய லான்சியா தேசிஸ்

இத்தாலியின் சிசிலித் தீவில், பலெர்மோவில் பழைய கார் தேடிக்கொண்டிருக்கும் நம்ம ஆட்களுக்காக இதை எழுதுகிறேன். நாலாயிரம் யூரோவுக்குள் தோல் சீட் போட்ட பெரிய லான்சியா என்ற இத்தாலியக் கார் ஒன்று இருக்கிறது என்று யாராவது கூப்பிட்டால், காசு கொடுப்பதற்கு முன் இதைப் படியுங்கள். நான் கொடுத்த பிறகுதான் விசாரிக்க வேண்டியதை எல்லாம் விசாரித்தேன்.

முதலில் என் பலவீனத்தைச் சொல்லிவிடுகிறேன். 1991-இல் இங்கே வந்து நான் முதலில் வேலை செய்தது ஒரு டாக்டர் வீட்டில். அவரிடம் லான்சியா தேமா இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அதைக் கழுவித் துடைப்பது என் பொறுப்பு. பள்ளிக்கூடத்தில் ‘நேர் நேர் தேமா’ பாடமாக்கியவனுக்கு அந்தப் பெயர் மறக்குமா? 1984-இல் வந்த கார் அது. அடித்தளத்தை ஃபியட் குரோமா, அல்ஃபா ரோமியோ 164, சுவீடனின் சாப் 9000 ஆகிய மூன்றோடும் பங்குபோட்டுச் செய்தார்கள். அதில் 8.32 என்று ஒரு வகை. எட்டு சிலிண்டர், முப்பத்திரண்டு வால்வு, ஃபெராரி எஞ்சின். ஸ்டியரிங் பக்கத்துக் கம்பியைத் திருகினால் டிக்கி மூடியில் இருந்து ஒரு தகடு எழும்பும். டாக்டரிடம் இருந்தது சாதாரண இரண்டு லிட்டர்தான். ஆனாலும் தெருவில் ஒருமுறை 8.32 ஒன்று நின்றபோது என்னைக் கையைப் பிடித்து இழுத்துப்போய்க் காட்டினார். முப்பது வருடம் கழித்து நான் ஏமாந்ததற்கு விதை அன்றைக்கே விழுந்துவிட்டது.

சரி, கதைக்கு வருகிறேன். 2021 ஒக்டோபர். சுற்றுச்சாலை ஓரமாகப் பழைய கார் விற்கும் இடம் ஒன்றில் கருநீல லான்சியா தேசிஸ் நின்றது. 2004-ஆம் ஆண்டு, ஐந்து சிலிண்டர் 2.4 டீசல், ஓட்டோமேட்டிக். கடைக்காரர் என்னைப் பார்த்ததுமே ‘அமீக்கோ’, அதாவது நண்பா, என்று தோளில் கை போட்டார். “இது சும்மா கார் இல்லை, அவுத்தோ ப்ளூ” என்றார். இத்தாலியில் அமைச்சர்களுக்கும் பெரிய அதிகாரிகளுக்கும் கொடுக்கும் அரசாங்கக் காரை அப்படித்தான் சொல்வார்கள், நீலக் கார் என்று. தேசிஸ் அந்த வேலைக்கு ஓடியது உண்மை. 1999-இல் இதே குடும்பத்தில் பாப்பரசர் இரண்டாம் யோவான் பவுலுக்காகவே ஒரு காரைச் செய்து கொடுத்தார்கள் என்பதும் உண்மை. பொய் சொல்கிறவன் நடுவில் இரண்டு உண்மையைச் செருகினால் நமக்குப் பிரித்துப் பார்க்கத் தெரிவதில்லை.

ஓடோமீட்டரில் 1,48,000 கிலோமீட்டர். கேட்ட விலை 4,500, முடிந்தது 3,800. பெயர் மாற்றும் செலவு தனியாக 600 யூரோ. இத்தாலியில் அந்தத் தொகை எஞ்சினின் சக்தியைப் பொறுத்து ஏறும், வருட வரியும் அப்படியே. சக்தி கூடிய எஞ்சினை வாங்கும்போது இதையும் கணக்கில் வையுங்கள்.

ஓட்டிப் பார்க்கக் கொடுத்தார். தானும் பக்கத்தில் ஏறிக்கொண்டார். சுற்றுச்சாலையில் போய்த் திரும்பினோம், வெண்ணெயில் கத்தி போனது மாதிரி இருந்தது. பல்லரோ பக்கம் கல் பாவிய தெருவில் ஒருமுறை விட்டுப் பார்க்கலாமா என்றேன். நேரமாகிவிட்டது, சாப்பாட்டுக்குக் கடை பூட்டவேண்டும் என்றார். அந்த இடத்திலேயே இறங்கி வீட்டுக்குப் போயிருக்க வேண்டும்.

கடையில் ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார். அதில் ‘விஸ்தோ எ பியச்சூத்தோ’ என்று ஒரு வரி. பார்த்தேன், பிடித்திருந்தது என்று பொருள். அழகான வரி, கல்யாணப் பேச்சில் சொல்வது மாதிரி. விற்பவர் பெயர் இருந்த இடத்தில் கடைக்காரர் பெயர் இல்லை. பகெரியாவில் இருக்கும் ஒரு வயதான அம்மாவின் பெயர் இருந்தது. “அவதான் பழைய உரிமையாளர், இப்படிச் செய்தால் உனக்கு ஒரு பதிவுச் செலவு மிச்சம்” என்றார். மிச்சம் என்ற சொல்லைக் கேட்டதும் என் மூளை அடங்கிவிட்டது.

முதல் ஞாயிறு குடும்பத்தோடு மொந்தே பெல்லெக்ரீனோ மலையில் சாந்தா ரொசாலியா கோயிலுக்குப் போனோம். நம்மவர்களில் சைவம், வேதம் (கிறிஸ்தவம்) என்று பார்க்காமல் எல்லோரும் போகும் இடம். சரிவில் நிறுத்தி, ஹாண்ட்பிரேக் பட்டனை அழுத்தி இறங்கினேன். தேசிஸில் ஹாண்ட்பிரேக் மின்சாரத்தில் வேலை செய்வது, இழுக்கிற கம்பி கிடையாது. ஒரு பக்கக் கதவைப் பூட்டிவிட்டுத் திரும்பினால் கார் மெதுவாகப் பின்னால் நகர்கிறது. மச்சான் ஓடிப்போய்ப் பெரிய கல் ஒன்றைப் பின் சக்கரத்துக்கு அடியில் வைத்தான். அன்றைக்கு ரொசாலியா அம்மாவிடம் வேண்டிக்கொண்டது வேறு, கிடைத்தது வேறு. அந்தக் கல்லை டிக்கியில் போட்டுக்கொண்டு வந்தேன். அதற்குப் பிறகு எங்கே போனாலும் கல்லோடுதான் போனோம்.

இறங்கும்போது வளைவுகளில் முன்பக்கம் கட்டில் மாதிரி ஆடியது. கராஜில் வேலை செய்யும் தம்பி ஒருவனிடம் கொண்டுபோனேன்.

இங்கே கொஞ்சம் விளக்க வேண்டும். தேசிஸின் பெருமையே அதன் சஸ்பென்ஷன்தான். ஸ்கைஹுக், அதாவது வானத்துக் கொக்கி. கார் மேலே ஒரு கொக்கியில் தொங்குவது போலவும், கீழே சக்கரங்கள் மட்டும் குண்டு குழியில் ஏறி இறங்குவது போலவும் இருக்க வேண்டும் என்பது எண்ணம். ஜெர்மனியின் மன்னெஸ்மான் சாக்ஸ் செய்தது. காரின் அசைவைச் சென்சர்கள் அளந்து சொல்ல, ஒவ்வொரு ஷொக் அப்சோபரும் எவ்வளவு இறுகவேண்டும், எவ்வளவு தளரவேண்டும் என்று கம்ப்யூட்டர் ஓடும்போதே மாற்றிக்கொண்டிருக்கும். நன்றாக இருக்கும்வரை சொர்க்கம். போய்விட்டால் சாதாரண ஷொக் போல ஒன்றைக் கழற்றி ஒன்றைப் போட முடியாது.

தம்பி காரைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தான். முன்பக்க ஷொக் இரண்டிலும் எண்ணெய் வழிந்து காய்ந்திருந்தது. அவற்றுக்குப் போகும் வயரைக் கழற்றி, நுனியில் சின்ன ரெசிஸ்டர் ஒன்றைப் பற்றவைத்து, டேப் சுற்றி உள்ளே செருகியிருந்தார்கள். கம்ப்யூட்டருக்கு எல்லாம் நலம் என்று செய்தி போகும், டாஷ்போர்டில் விளக்கு எரியாது. “அண்ணை, வானத்தில இருந்து தொங்குதெண்டு சொன்னவங்கள். இது கீழ விழுந்து கனகாலம்” என்றான்.

அன்று இரவுதான் போக்குவரத்து அமைச்சகத்தின் இணையதளத்தில் நம்பர் பிளேட்டைப் போட்டுப் பார்த்தேன். யாரும் பார்க்கலாம், காசு இல்லை. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நடக்கும் கட்டாயப் பரிசோதனையில் குறித்த கிலோமீட்டர் அங்கே வரும். 2020 மார்ச்சில் குறித்தது 2,91,416. ஒன்றரை வருடத்தில் என் கார் ஒரு லட்சத்து நாற்பதாயிரம் கிலோமீட்டர் பின்னோக்கி ஓடியிருக்கிறது. அடுத்த பரிசோதனை 2022 மார்ச்சில்தான் என்பதை ஒரு நல்ல விஷயமாகக் கடைக்காரர் எனக்குச் சொன்னது ஏன் என்று அப்போது புரிந்தது.

அப்புறம் வாகனப் பதிவேட்டில் பழைய உரிமையாளர்களின் வரலாற்றைக் காசு கட்டி எடுத்தேன். அமைச்சரும் இல்லை, அதிகாரியும் இல்லை. முதல் ஏழு வருடம் ஓட்டுநரோடு வாடகைக்கு விடும் நிறுவனம் ஒன்றின் கார். விமான நிலையத்துக்கும் ஹோட்டலுக்கும் நடுவில் தறி நாடா மாதிரி ஓடியிருக்கிறது. நீலம் மட்டும்தான் உண்மை.

உதிரிப்பாகம் தேடியபோதுதான் பெரிய கதை விளங்கியது. தேமா மூன்று லட்சத்துக்கும் மேல் விற்றது. 1994-இல் அதன் இடத்துக்கு வந்த கப்பா ஒரு லட்சத்தைக் கொஞ்சம் தாண்டியது. 2002-இல் விற்பனைக்கு வந்து 2009-இல் நின்ற தேசிஸ், அத்தனை வருடத்திலும் சேர்த்து ஏறக்குறைய 16,000 மட்டும். 1950-களின் ஔரேலியா, ஃபிளமீனியா கார்களின் சாயலில் முகம் வரைந்து, பணத்தைக் கொட்டிச் செய்தார்கள். ஆனால் அந்த விலைக்கு வாங்குகிறவர்கள் ஜெர்மன் கார்ப் பக்கம் போய் வெகுகாலம் ஆகியிருந்தது, ஃபியட்டும் அந்த நாட்களில் கடனில் தத்தளித்தது. என்னைக் கேட்டால் மோசமான கார் இல்லை. பிற்பகல் வெயிலில் அந்தப் பின்பக்க விளக்குகளைப் பார்த்தால் இப்போதும் மனம் இளகும். ஆனால் பதினாறாயிரம் காருக்கு யார் தொடர்ந்து பாகம் செய்வார்கள்? எனக்குத் தேவையான ஷொக் புதிதாகக் கிடைக்கவில்லை. பழையதைத் திருத்தித் தருகிறவர்கள் நாலுக்கும் சேர்த்துச் சொன்ன விலை, நான் காருக்குக் கொடுத்ததைத் தாண்டியது.

இன்னொன்றையும் தெரிந்துகொண்டேன். 2011-இல் தேமா என்ற பெயரை லான்சியாவே மறுபடி எடுத்தது. எதற்கு? கனடாவில் தயாரான கிரைஸ்லர் 300 காரின் முகப்பில் ஒட்டுவதற்கு. அதுவும் 2014-இல் முடிந்தது. 2017-க்குப் பிறகு இப்சிலோன் என்ற ஒரே சின்னக் காரை இத்தாலிக்குள் மட்டும் விற்றுக்கொண்டிருந்த கம்பனியாகிவிட்டது. டாக்டர் இதைப் பார்க்காமல் கண்ணை மூடியது நல்லது.

கடைக்காரரிடம் போனேன். “நான் விற்கவே இல்லையே அமீக்கோ, இடையில் அறிமுகம் செய்துவைத்தேன்” என்றார். பகெரியா அம்மாவின் மகனோடு தொலைபேசியில் கதைத்தேன். அப்பா இறந்தபின் காரை மூன்று லட்சத்துக்கு மேல் ஓடிய நிலையில் கடையில் விட்டோம், கையில் கிடைத்தது 1,000 யூரோ என்றார். பாவம், அவர்களும் ஏமாந்தவர்கள்தான்.

இலவசச் சட்ட ஆலோசனையில் சொன்னது இது. வியாபாரியிடம் வாங்கினால் பழைய காருக்கும் குறைந்தது ஒரு வருட உத்தரவாதம் சட்டப்படி உண்டு, ‘பார்த்தேன், பிடித்திருந்தது’ வரி அதை அழிக்காது. அதனால்தான் வியாபாரி தன் பெயரைத் தாளில் போடாமல் தனியார் விற்பனையாக மாற்றுகிறார். தனியார் விற்பனையில் மறைந்திருந்த குறையைக் கண்டுபிடித்த எட்டு நாளுக்குள் விற்பவருக்கு அறிவிக்க வேண்டும். நான் மூன்று வாரம் கடைக்காரரோடு வாய்ச்சண்டை போட்டதில் அது போய்விட்டது. மிச்சம் இருந்த வழி, அந்த வயதான அம்மாமேல் வழக்குப் போடுவது. எனக்கு மனம் வரவில்லை.

ஆகவே, காசு கொடுக்கும் முன் நம்பர் பிளேட்டைப் போட்டுக் கிலோமீட்டரைப் பாருங்கள். பதிவேட்டில் வரலாற்றையும், கட்டாத அபராதத்துக்காகக் கார் முடக்கப்பட்டிருக்கிறதா என்பதையும் பாருங்கள். தாளில் விற்பவர் யார் என்று பாருங்கள். கல்லுத் தெருவில் ஓட்டுங்கள், சரிவில் நிறுத்துங்கள். உங்களுக்கு அந்தக் காரின்மேல் பழைய ஆசை ஏதாவது இருந்தால், இல்லாத ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். என் மனைவி அன்றைக்கு வந்திருந்தால் இந்தப் பதிவே இல்லை.

2022 பெப்ரவரியில் துரின் பக்கத்தில் இருந்து தேசிஸ் வைத்திருக்கும் ஒருவர் டிரெய்லரோடு வந்தார். அவருக்கு என் காரின் சீட்டும் கதவுகளும் வேண்டும். உள்ளதை உள்ளபடி சொன்னேன், உண்மையான கிலோமீட்டர் தாளையும் கொடுத்தேன். 900 யூரோ எண்ணிக் கொடுத்துவிட்டு ஏற்றிக்கொண்டு போனார். மறுநாள் கப்பலில் இருந்து ஒரு படம் அனுப்பினார். திறந்த டிக்கி, உள்ளே மலையில் எடுத்த கல். இது எந்தப் பாகம் என்று கேட்டிருந்தார். ஹாண்ட்பிரேக் என்று பதில் போட்டேன்.