வராமல் விட்டால் ஒரு வழி, கட்சி விலக்கினால் இன்னொரு வழி

இலங்கையில் பாராளுமன்ற உறுப்பினர் ஒருவர் ஆசனத்தை இழக்கும் விதி திருகோணமலைக்காரருக்கு வெறும் ஏட்டுச் சட்டமில்லை. 1983 செப்டெம்பரில் எங்கள் பாராளுமன்ற உறுப்பினர் இரா. சம்பந்தனின் ஆசனம் வெற்றிடமானது வராமையால்தான். அரசியலமைப்பின் 66ஆவது உறுப்புரைப்படி, பாராளுமன்றத்தின் அனுமதி பெறாமல் தொடர்ந்து மூன்று மாதம் அமர்வுகளுக்குப் போகாவிட்டால் ஆசனம் போய்விடும். ஏன் போகவில்லை என்று சட்டம் கேட்பதில்லை. எதிர்ப்பைக் காட்டப் புறக்கணித்தவரும் அக்கறையில்லாமல் இருந்தவரும் அதற்கு ஒன்றுதான். இது எனக்கு இன்றும் உறுத்துகிறது.

கட்சி விலக்கினால் கதை வேறு. அரசியலமைப்பின் 99(13)ஆவது உறுப்புரைப்படி, கட்சி உறுப்புரிமை போய் ஒரு மாதம் கழிந்த பிறகே ஆசனம் வெற்றிடமாகும். அதற்குள் உயர் நீதிமன்றம் போகலாம். மூன்று நீதியரசர்கள் விசாரித்து, விலக்கியது செல்லுமா என்று இரண்டு மாதத்துக்குள் தீர்மானிப்பார்கள். வராதவருக்கு அந்த வாசல் இல்லை. முன்கூட்டியே அனுமதி வாங்கியிருந்தால் மட்டுமே ஆசனம் தப்பும்.